அஞ்சலும் அமைவுகளும்

மின்னஞ்சல் மென்பொருளின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறும்போது கடிதங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும், அமைவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவான எண்ணம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 'அமைவுகள்' என்ற சொல்லே ஏதோ மின்வேலைக்காரரின் பையிலிருந்து விழுந்தது போல ஒலிப்பதால் இலக்கிய வாசகருக்கு அதில் என்ன அக்கறை இருக்க முடியும் என்றும் தோன்றும். மறைந்த நண்பர் ஒருவரின் கடிதங்களைப் பழைய மென்பொருளிலிருந்து மீட்டுப் புதியதில் ஏற்றும் வேலையில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் உழன்ற பிறகு எங்கள் எண்ணம் தலைகீழாகிவிட்டது. முதலில் காப்பாற்ற வேண்டியவை அமைவுகள்தாம். கடிதங்கள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.

நண்பர் மொழிபெயர்ப்பாளர். காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் இருந்துகொண்டு 1999 முதல் 2008 வரை உலகெங்குமுள்ள தமிழ் எழுத்தாளர்களோடும் வாசகர்களோடும் மின்னஞ்சலில் உரையாடியவர். அச்சில் வந்த அவருடைய கட்டுரைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். கருத்துகளையெல்லாம் கடிதங்களில்தான் செலவழித்தார். அவர் போன பிறகு கணினியைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்த துணைவியார், வன்தட்டை மட்டும் கழற்றித் தரச்சொல்லி ஒரு துணிப்பையில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். "இதுலதான் அவரு கடுதாசியெல்லாம் இருக்குன்னு சொல்லுவாரு, நீங்க பாத்து ஏதாவது செய்யுங்கப்பா" என்று அதை எங்களிடம் கொடுத்தார். மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட கடிதங்கள் அதில் இருந்தன. ஒரு கடிதத் தொகுதி கொண்டுவரலாம் என்று நாங்கள் நால்வர் முடிவுசெய்தோம்.

அவர் பயன்படுத்திய மென்பொருள் யூடோரா. இந்தப் பெயரின் கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1988இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதை எழுதிய ஸ்டீவ் டோர்னர், அஞ்சல் நிரலோடு மல்லாடி மல்லாடித் தாம் தபால் நிலையத்திலேயே குடியிருப்பதுபோல உணர்ந்தாராம். அப்போது அவர் நினைவுக்கு வந்தது மிசிசிப்பி எழுத்தாளர் யூடோரா வெல்டியின் சிறுகதை. 1941இல் வெளியான அக்கதையில், குடும்பத்தாரோடு பிணங்கிக்கொண்ட பெண்ணொருத்தி தான் அஞ்சல் அதிகாரியாக இருக்கும் சின்னத் தபால் நிலையத்துக்கே குடிபோய்விடுகிறாள். டோர்னர் அந்த எழுத்தாளரின் பெயரையே தம் மென்பொருளுக்கு வைத்தார். கதையை வாசித்தவர்களுக்கு அந்தப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும் இடம் மறந்திருக்காது. வெறுங்கையோடு அவள் போவதில்லை. மின்விசிறி, வானொலி, தையல் இயந்திரத்தின் மோட்டார், வெப்பமானி, தொட்டிச்செடி என்று தன்னுடையது ஒவ்வொன்றையும் வீட்டாரின் கண்ணெதிரே பிடுங்கி எடுத்துச் செல்கிறாள். குடிபெயர்தல் என்றால் என்ன என்பதைக் கணினித்துறையினர் பலரைவிட வெல்டி நன்றாக அறிந்திருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

யூடோராவின் உள்ளமைப்பு, அக்கால மென்பொருள்களுக்கே உரிய எளிமை கொண்டது. எல்லாம் ஒரே அடைவுக்குள் இருக்கும். பொதுவான அமைவுகள் ஓர் ஐ.என்.ஐ. கோப்பில். முகவரிகளுக்கு அவர் வைத்த சுருக்கப்பெயர்களும் குறிப்புகளும் வேறொரு கோப்பில். எந்தக் கடிதம் எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்ற வடிகட்டி விதிகள் இன்னொன்றில். இவை மூன்றும் வெறும் உரைக்கோப்புகளே. எந்த உரைதிருத்தியில் திறந்தாலும் படிக்கலாம். கடிதங்கள் பெட்டிக்கொரு கோப்பாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ???@??? என்ற விசித்திரமான குறி நிற்கும். கடிதப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு பொருளடக்கக் கோப்பும் உண்டு. இந்தப் பொருளடக்கக் கோப்பில்தான் நாங்கள் வழுக்கி விழுந்தோம்.

ஒரே அடைவு என்பதால் பழைய யூடோராவிலிருந்து புதிய யூடோராவுக்குப் போவது மிகச் சுலபம். அடைவை நகலெடுத்து, புதிய பதிப்பிடம் அதைக் காட்டினால் போதும். நாங்கள் நகலெடுக்கவில்லை, வெட்டி ஒட்டினோம். வன்தட்டு முனகத் தொடங்கியிருந்தது. இருமுறை படிக்கவைக்க வேண்டாம் என்று எங்களில் ஒருவர் சொன்னதை மற்ற மூவரும் ஆமோதித்தோம். ஆகவே இது நால்வரின் தவறும்தான். ஒரு பழைய கணினியில் யூடோராவின் ஏழாம் பதிப்பை நிறுவி அந்த அடைவைத் திறந்தபோது, பொருளடக்கம் கடிதப்பெட்டியோடு பொருந்தவில்லை, புதிதாக உருவாக்கட்டுமா என்று கேட்டது. கேள்வியை முழுதாகப் படிக்காமலே ஆம் என்றோம். வாழ்நாளில் எத்தனையோ கேள்விகளுக்கு அப்படித்தானே சொல்லியிருக்கிறோம்.

கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் எந்தக் கடிதத்துக்கு அவர் பதில் எழுதினார், எதைப் படித்தார், எதைப் பிறருக்கு அனுப்பினார் என்ற குறிகள் அத்தனையும் போய்விட்டன. யூடோரா அவற்றைக் கடிதத்துக்குள் எழுதுவதில்லை, பொருளடக்கக் கோப்பில் மட்டுமே எழுதிவைக்கும். பதிலெழுதிய கடிதத்தின் பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து ஒன்று நிற்கும், அவ்வளவுதான். அந்த எழுத்து போனதும் பத்தாண்டுக் காலக் கடிதப்போக்குவரத்தின் முகமே போய்விட்டது. தண்டர்பேர்ட் இந்த விஷயத்தில் புத்திசாலி. கடிதத்தின் தலைப்பகுதியிலேயே ஒரு வரியைச் சேர்த்து அதில் நிலையைக் குறித்துவிடுவதால் அதன் பொருளடக்கம் தொலைந்தாலும் குறி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒரேயோர் எழுத்துக்கு இத்தனை புலம்பலா என்று கேட்கலாம். உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தியதனால்தான் ஆ. இரா. வேங்கடாசலபதி 2018இல் அவற்றின் முதல் தொகுதியைக் கொண்டுவர முடிந்தது. 1877 தொடங்கி 1900 வரையிலான கடிதங்கள் அதில் உள்ளன. தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் பின்கட்டு முழுதும் அங்கே திறந்து கிடக்கிறது. தாளில் எழுதிய கடிதம் தன்னைப் பற்றி நிறையச் சொல்லும். அஞ்சல் முத்திரை நாளைச் சொல்லும். மடிப்பு எத்தனை முறை பிரித்துப் படிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். ஓரத்துப் பென்சில் கீற்று பதிலைப் பற்றிச் சொல்லும். மின்னஞ்சலுக்கு ஓரம் கிடையாது. அதன் ஓரம், மடிப்பு, பென்சில் எல்லாம் மென்பொருளின் அமைவுகளிலும் குறிகளிலும் தங்கியிருக்கின்றன. நூலுக்கு அட்டவணை செய்வோர் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் பாதுகாப்பதில்லை. நாமோ மின்னஞ்சலுக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

குறிகளில் ஒரு பகுதியை மீட்டோம். பதில் கடிதங்களின் தலைப்பகுதியில், அது எந்தக் கடிதத்துக்கான பதில் என்ற அடையாளம் பொதிந்திருக்கும். அனுப்பிய பெட்டியிலிருந்த ஒவ்வொரு கடிதத்தின் அடையாளத்தையும் வந்த பெட்டியில் தேடிப் பொருத்தினோம். ஞாயிற்றுக்கிழமைகள் பல அதில் போயின. பிறகு துணைவியார் இன்னொரு பெட்டியிலிருந்து, நண்பரே 2005இல் எழுதிவைத்த குறுந்தகடு ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் பொருளடக்கக் கோப்புகளும் இருந்தன. அதற்குப் பிந்தைய மூன்றாண்டுகளுக்குத்தான் எங்கள் கைப்பொருத்தம் ஒன்றே கதி.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களுக்குப் பெரிய பாடம். ஏழாம் பதிப்பில் ஓரளவு ஒழுங்குசெய்த கடிதங்களைத் தண்டர்பேர்டில் ஏற்றினோம். திறந்தால் தமிழே இல்லை. மேற்கு ஐரோப்பிய எழுத்துகள், தலையில் கொம்பும் வாலும் முளைத்தவையாக, பக்கம் பக்கமாக நின்றன. நண்பர் எழுதியது திஸ்கியில். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும் வீட்டுக் கணினிகளில் அது சரிவரத் தெரியாத காலம் அது. இணையத் தமிழர்கள் திஸ்கி, தாப், பாமினி என்று வெவ்வேறு குறியேற்றங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதே 2010 ஜூனில்தான். பழைய யூடோரா ஒருங்குறியை அறியாது. அதற்கு ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து. திரையில் எந்த எழுத்துருவைக் காட்டச் சொல்கிறோமோ அந்த எழுத்துருவின் வடிவத்தைக் காட்டும். திஸ்கி எழுத்துரு ஒன்றைத் திரை எழுத்துருவாகத் தேர்ந்துவிட்டால் அமெரிக்க மென்பொருள் அத்தோடு தமிழ் மென்பொருளாகிவிடும்.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். அந்தக் கடிதங்களின் தலைப்பகுதியில், இது லத்தீன் எழுத்து என்றுதான் எழுதியிருந்தது. கடிதத்தின் உள்ளேயும் இது தமிழ் என்று சொல்லும் எதுவும் இல்லை. மூவாயிரம் கடிதங்களும் தமிழ் என்பதை அறிந்திருந்தது ஐ.என்.ஐ. கோப்பிலிருந்த ஒரே ஒரு வரி, எழுத்துருவின் பெயர். மொழி கடிதத்தில் இல்லை, அமைவில் இருந்தது.

அந்த வரியைப் பார்த்துத்தான் திஸ்கி என்று உறுதிசெய்துகொண்டு மாற்றிக்கொடுக்கும் நிரலைத் தேர்ந்தோம். திஸ்கியில் கொம்பு முன்னும் மெய் பின்னுமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் நிற்கும். ஒருங்குறியில் அவை இடம் மாறவேண்டும். ஆகவே எந்தக் குறியேற்றம் என்று தெரியாமல் குத்துமதிப்பாக மாற்றினால் கிடைப்பது தமிழாக இராது. நண்பர் எழுதியவை இவ்வாறு பிழைத்தன. அவருக்கு வந்தவை? அங்கே எங்களைக் காப்பாற்றியது சுருக்கப்பெயர்க் கோப்பு. ஒவ்வொரு முகவரிக்கும் குறிப்பு எழுத அதில் இடமுண்டு. மனிதர் அந்த இடத்தில், இவர் பாமினியில் எழுதுபவர், இவருக்குத் தமிழ் எழுத்துரு இல்லை ஆங்கில எழுத்தில் எழுதவும், இவர் கண்ணுக்குப் பெரிய எழுத்தாக அனுப்பவும் என்று குறித்துவைத்திருந்தார். ஒரு கடிதம் யாருக்குப் போகிறதோ அவருடைய திரையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். தொகுதிக்கு நாங்கள் எழுதிய முன்னுரை வரைவில் இந்தச் செய்தி இல்லை. பிறகு சேர்த்தோம்.

புதிய பதிப்புகளை வெளியிடுவோர் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வரலாறு கைவசம் இருக்கிறது. யூடோராவை நெடுநாள் விற்றுவந்த குவால்காம் நிறுவனம் 2006இல் அதைக் கைவிடுவதாகவும் தண்டர்பேர்டை அடித்தளமாகக் கொண்டு புதிய யூடோரா வரும் என்றும் அறிவித்தது. அதன் முதல் சோதனை வெளியீடு 2007இல், எட்டாம் பதிப்பு என்ற எண்ணோடு வந்தது. ஏழுக்கு அடுத்தது எட்டு என்று நம்பிச் சென்றவர்கள் வேறொரு மென்பொருளுக்குள் நுழைந்திருந்தார்கள்; வாசலில் மட்டும் பழைய பெயர்ப்பலகை. விண்டோஸ் பக்கமும் நிலைமை வேறல்ல. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பெட்டிக்கொரு கோப்பாகக் கடிதங்களை அடைவில் வைத்துவிட்டு, கணக்கு விவரங்களையும் விதிகளையும் கையொப்பங்களையும் கணினியின் பதிவகத்துக்குள் வைத்தது. கணக்குகளை வெளியே எடுக்கப் பட்டியலில் வழி உண்டு; விதிகளுக்கும் கையொப்பங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல்வழி இல்லை. 2007இல் விஸ்டாவோடு விண்டோஸ் மெயில் வந்து கடிதத்துக்கொரு கோப்பு என்று முறையை மாற்றியது. 2009இல் ஏழாம் விண்டோஸில் அதுவும் இல்லை, விண்டோஸ் லைவ் மெயிலைத் தனியே தரவிறக்கிக்கொள்ளவேண்டும். அதற்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் பத்தோடு வந்த மெயில் செயலியின் கதையும் 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இவ்வளவு வீடு மாறிய ஒருவரின் பாத்திரபண்டங்கள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நியாயமாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. குவால்காம் 2018இல் பழைய யூடோராவின் மூலநிரலைக் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. அருங்காட்சியகம் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. பொருளடக்கக் கோப்பை யாரேனும் இனி ஐயமறப் படிக்கலாம் என்றால் அது இதனால்தான். கைவிடும் நிறுவனங்கள் எல்லாம் இப்படிக் கைவிட்டால் நன்று.

வெளிநாட்டு நூலகங்கள் இந்தச் சிக்கலை உணர்ந்து நாளாகிறது. சல்மான் ருஷ்டியின் கணினிகளைப் பெற்ற எமரி பல்கலைக்கழகம், கோப்புகளை மட்டும் எடுத்து அடுக்காமல் அவருடைய பழைய மக்கின்டாஷின் சூழலையே நிகழ்த்திக்காட்டும் ஏற்பாட்டை 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. அவர் பார்த்த திரையை அவர் அடுக்கிய முறையிலேயே பார்க்கலாம். நம்மிடம் அத்தகைய பணமோ கட்டடமோ இல்லை என்பது உண்மை. ஆனால் ஐ.என்.ஐ. கோப்பை அழிக்காமல் இருக்கப் பணம் எதற்கு? இப்போது எழுபதைக் கடந்துகொண்டிருக்கும் தமிழ் எழுத்தாளர்கள் பலர் மின்னஞ்சலுக்கு வந்தது திஸ்கிக் காலத்தில். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் அன்போடு புதிய கணினி வாங்கிக்கொடுத்து, பழசெல்லாம் மாற்றிவிட்டோம் அப்பா என்று சொல்லும்போது என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று கேட்க அந்த வீட்டில் ஆளிருக்காது. அடைவை முழுதாக, அப்படியே, பெயர் மாற்றாமல் ஒரு நகல் எடுத்துத் தனியே வைத்துவிட்டுப் பிறகு எந்தப் புதிய பதிப்புக்கும் போகட்டும். நகல் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். காரணம் மேலே இருக்கிறது.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்றே ஒன்று. அதை நாங்களே எங்களுக்குள் கிளப்பிக்கொண்டோம். அமைவுகள் மிக அந்தரங்கமானவை. கடிதம் எழுதும்போது எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற கூச்சம் நமக்கு உண்டு. வடிகட்டி விதி எழுதும்போது யாரும் இல்லை. நன்கு அறியப்பட்ட கவிஞர் ஒருவரின் கடிதங்கள் வந்தவுடன் படிக்கப்படாமலே குப்பைப்பெட்டிக்குப் போகவேண்டும் என்று நண்பர் ஒரு விதி எழுதியிருந்தார். இருவரும் கடைசிவரை மேடைகளில் தோளில் கைபோட்டுக்கொண்டவர்கள். சுருக்கப்பெயர்கள் சிலவற்றை அவற்றுக்குரியவர்கள் அறிந்தால் வருந்துவார்கள். ஒன்று எங்களில் ஒருவருடையது. அஞ்சலின் கடவுச்சொல்லும் எளிதில் திருப்பிப் படித்துவிடக்கூடிய வடிவில் அதே அடைவில் இருந்தது. அதை மட்டும் உடனே நீக்கினோம். மற்றவற்றைக் காப்பது வேறு, வெளியிடுவது வேறு என்பது எங்கள் கருத்து. கவிஞரின் பெயர் தொகுதியில் அந்த வகையில் வராது. விதிக்கோப்பு இருக்கும்.

ஆனால் இந்தத் தெளிவு எங்களுக்கு எல்லா இடத்திலும் வாய்க்கவில்லை. பொருளடக்கத்தைப் புதிதாக உருவாக்கியபோது குறிகள் போனதைச் சொன்னோம். கூடவே வேறொன்றும் நடந்தது. யூடோராவில் ஒரு பெட்டியிலிருந்து நீக்கிய கடிதம், பெட்டியைச் சுருக்கும் வரை கோப்புக்குள்ளேயே கிடக்கும். பொருளடக்கத்தில் அதன் பெயர் மட்டும் இருக்காது. புதிய பொருளடக்கமோ கோப்பில் கிடப்பதையெல்லாம் பெயர்சொல்லி அழைத்துவிடும். அவ்வாறு அவர் நீக்கிய கடிதங்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எழுந்து வந்து மற்றவற்றோடு வரிசையில் நின்றன. பாதிக்கு மேல் வங்கியும் விளம்பரமும். மற்றவை அவரே எழுதி, அனுப்பாமல் நீக்கியவை. குறுந்தகட்டின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டபோதுதான் அவற்றை அடையாளம் கண்டோம். அதற்குள் எங்களில் ஒருவர் இரண்டைப் படித்திருந்தார்.

அவற்றைத் தொகுதியில் சேர்ப்பதில்லை என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. வைத்திருப்பதா என்பதில்தான் எழுந்தது. அழித்தது அவர், அவர் முடிவே இறுதி என்றனர் இருவர். அழிக்க நினைத்ததும் வரலாறுதான், பிழையால் வந்தாலும் வந்தது வந்ததுதான் என்றனர் மற்ற இருவர். துணைவியாரிடம் கேட்டோம். "அவரு வேண்டாம்னு எடுத்ததத் திரும்ப எனக்கு எதுக்குப்பா" என்றார். பெட்டிகளைச் சுருக்கி, அக்கடிதங்கள் இல்லாத நகலை அவரிடம் கொடுத்தோம். சுருக்குவதற்கு முந்தைய நகல் ஒன்று எங்களில் ஒருவரின் அலமாரியில் இன்னும் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று சித்திரை மாதக் கூட்டத்திலும் முடிவாகவில்லை.